எங்கே போயிருந்தீர்கள்?

அறுபத்து மூன்று வயதான கதாசிரியன் ஒருவன், மார்கழி மாதத்துக் காலையில், குளித்துக் காப்பி சாப்பிட்டுவிட்டு, புத்தக அகலத்தில் ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் ஒரு தீவில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான் என்றால், வாசகர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மற்றவர்கள் வருத்தப்படுவார்கள். சிரிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் சிரிக்கிறவன்தான். வருத்தப்பட்டதோடு நில்லாமல், வீடு தேடி வந்து உபதேசம் செய்துவிட்டுப் போனார்களே, அவர்கள் மேல்தான் கோபம். அதைப் பத்திரிகையில் வைத்துத் தீர்த்துக்கொள்வது நியாயமா என்று கேட்டால், எழுத்தாளனுக்கு வேறு இடம் ஏது?

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 'அனிமல் கிராஸிங்' என்று ஒரு விளையாட்டு. ஜப்பானில் கியோட்டோ நகரத்திலுள்ள நின்டெண்டோ கம்பெனியின் தயாரிப்பு. அந்தப் பெயரில் பல வந்திருக்கின்றன. நான் சொல்வது 2020 மார்ச் 20-ஆம் தேதி வெளியான 'நியூ ஹொரைஸன்ஸ்'. உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த மாதம் அது. இதுவரை நாலு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது என்றால், எத்தனை பேர் வீட்டுக்குள் இருந்துகொண்டே குடிபெயர்ந்தார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆட்டத்தில் எதிரி இல்லை, சுடுவது இல்லை, ஜெயிப்பது என்பதே இல்லை. ஒரு தீவு, அதில் உங்களுக்கு ஒரு வீடு. அக்கம்பக்கத்தில் வாத்து, ஆடு, கழுகு என்று பேசுகிற பிராணிகள் குடியிருக்கும். டாம் நூக் என்றொரு வியாபாரி வீட்டுக் கடன் கொடுக்கிறான். வட்டி கிடையாது, தவணைத் தேதியும் கிடையாது. எந்த வங்கி மானேஜரும் கனவில்கூடச் செய்யாத காரியம். மீன் பிடிக்கலாம், பழம் பறிக்கலாம், பூச்செடி வைக்கலாம். முக்கியமானது ஒன்றுண்டு: அங்கே ஓடுகிற கடிகாரம் நம் கடிகாரம். இங்கே ராத்திரி என்றால் அங்கேயும் ராத்திரி. இங்கே டிசம்பர் என்றால் அங்கேயும் டிசம்பர். எங்கள் தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே என்று சொல்லி வைத்திருப்பதால் பனி கொட்டும். நீங்கள் பெட்டியை மூடி வைத்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது.

எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டு வந்தவள் என் மகள். சிங்கப்பூரில் உத்தியோகம். இரண்டு வார லீவில் வந்தவள் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு மாதக் கணக்கில் எங்களோடு இருந்தாள். ஆனால் அந்தத் தீவில் முதன்முதலில் காலடி வைத்தது அவளுமல்ல, நானுமல்ல. என் அக்கா. "அத்தை, நீதான் முதல்லே" என்று பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டாள் பெண். முதலில் குடியேறுகிறவர்தான் தீவின் பிரதிநிதி என்பது அந்த விளையாட்டின் சட்டம். பாலம் கட்டுவது, கட்டடத்தை இடம் மாற்றுவது போன்ற பெரிய காரியங்களுக்கு அவர்தான் உத்தரவிட வேண்டும். அறுபத்தொன்பது வயதுவரை எந்தக் காகிதத்திலும் முதல் கையெழுத்துப் போட்டறியாத அக்கா, இவ்விதமாக ஒரு தீவுக்கு அதிகாரியானாள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிராணிகள் பேசுவதோ இங்கிலீஷில். நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். அப்போலோ என்கிற கழுகு எதைச் சொன்னாலும் சிடுசிடுவென்று சொல்லும். "இது நம்ம பெரியப்பாடா" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மாலி என்கிற வாத்து சாது. ஷெர்ப் என்கிற நீல ஆடு சாப்பாட்டைப் பற்றியே பேசும்; அதை என்னோடு ஒப்பிட்டாள். மாடி வீட்டுப் பையன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பாட்டி, டைம் வேஸ்ட்டாகலையா?" என்று விளையாட்டாகக் கேட்டான். அக்கா தலையைத் தூக்காமல், "அடுப்படியிலே அம்பது வருஷம் போச்சு, அப்போ யாரும் கேக்கலையேடா கண்ணு" என்றாள். இதை நான் என் நாவலில் போட்டிருந்தால் செயற்கை என்று விமர்சகர்கள் எழுதியிருப்பார்கள்.

அவள் விளையாடுவது காலையில். நான் எழுதி முடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு என் பெயரில் உள்ளே போவேன். என் வீட்டு வாசலில் ஏதாவது கிடக்கும். இரண்டு பேரிக்காய், ஒரு நாற்காலி, ஒரு சமயம் வெறும் கூழாங்கல். மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது அதைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் வெவ்வேறு நேரத்தில் இன்னொரு ஊரில் வசித்துவந்தோம்.

2021 மே மாதம் அக்கா போய்விட்டாள். அந்த மே மாதத்தைப் பற்றி நான் இங்கே எழுதுவதாக இல்லை. நம் வாசகர்களில் அதை அறியாதவர்கள் யார்? பெட்டியைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். மகள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

போன டிசம்பரில், 2025 கடைசி வாரத்தில், வேறு எதையோ தேடப் போய் அது கையில் அகப்பட்டது. ராத்திரி முழுக்க மின்சாரம் ஊட்டிக் காலையில் திறந்தேன். என் பொம்மை மனிதன் தலையெல்லாம் பரட்டையாகத் தூங்கி எழுந்து நின்றான். வீட்டுத் தரையில் கரப்பான் பூச்சிகள் ஓடின. மிதித்து விரட்டிவிட்டு வெளியே வந்தால், பனிக்கு நடுவே தீவு முழுவதும் களை. தபால் பெட்டி நிரம்பி வழிந்தது. அதில் 'அம்மா' எழுதியவையும் உண்டு. இந்த விளையாட்டில் அம்மா ஒருபோதும் வர மாட்டாள். கடிதமும் பட்சணமும் மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பாள். சேமிப்புக் கணக்கில் வட்டி ஏறியிருந்தது, சொற்பமாக. (வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டு வெளியான அடுத்த மாதமே, 2020 ஏப்ரலில், அந்த வங்கியிலும் வட்டியைக் குறைத்துவிட்டார்கள். மாதம் 99,999 மணிவரை கிடைத்துக்கொண்டிருந்தது 9,999 ஆகச் சுருங்கிற்று. 'மணி' என்பது அங்கே புழங்கும் நாணயம். நம்மைப் போன்ற பென்ஷன்தாரர்களுக்குச் சொர்க்கத்திலும் நிம்மதி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.)

முதலில் எதிர்ப்பட்டது மாலி. எத்தனை மாதமாயிற்று பார்த்து, எங்கே போயிருந்தீர்கள், போயே போய்விட்டீர்களோ என்று நினைத்தேன் என்றது. கழுகும் தன் பாணியில் அதையே கேட்டது. ஆடும் கேட்டது. நம் ஊரில் இந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு வருஷம் கழித்து ஓர் உறவினர் வீட்டுப் படியேறிப் பாருங்கள்! 'இப்போதுதான் வழி தெரிந்ததா' என்பதில் ஆரம்பித்து, எந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை, எந்தக் காரியத்துக்கு வரவில்லை என்று பட்டியல் படித்து, நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நன்றாக நின்று முடித்த பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். இவை கேட்டன, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த நிமிஷமே வேறு பேச்சுக்குப் போய்விட்டன. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. அன்று காலை வெகு நேரம் நான் ஒன்றும் செய்யாமல் கரையோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

இனி உபதேசிகளிடம் வருவோம்.

முதல் மனிதர் என் இலக்கிய சிநேகிதர். பெயர் சொல்ல மாட்டேன்; சொன்னால் அடுத்த இதழில் பதில் எழுதுவார், ஆசிரியருக்கு இடப் பஞ்சம். அவருடைய கட்சி இது: "அது பொய் வாழ்க்கை. உண்மை வாழ்க்கை ஜன்னலுக்கு வெளியே காத்திருக்கிறது. அக்கா போன துக்கத்தை நேருக்கு நேர் பார்க்கத் தைரியம் இல்லாமல் பொம்மைகளுக்கு நடுவில் போய் ஒளிந்துகொள்கிறாய்." கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் இதே கம்பீரத்தோடு நாவல் படிக்கும் பெண்களை நம் பாட்டனார்கள் கண்டித்ததை அவர் மறந்துவிட்டார். அந்தப் பெண்கள் படித்தார்களே, அதனால்தான் அவரும் நானும் சோறு தின்கிறோம். இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் அவசியமில்லை. அவருடைய ஆட்சேபத்தில் இன்னொரு பாதி இருக்கிறது, அது கனமானது. "இது உன்னைத் தினமும் வரவழைக்கிற தந்திரம். வராவிட்டால் குற்ற உணர்ச்சி. அது ஒரு ஹாஜர் பட்டியல்" என்றார்.

ஒப்புக்கொள்கிறேன். தந்திரம் இருக்கத்தான் செய்கிறது. தீவின் ஆபீசில் ஓர் இயந்திரம் உண்டு. நாள் தவறாமல் வந்து பொத்தானை அமுக்கினால் முதல் நாள் 50 புள்ளி, ஏறிக்கொண்டே போய் ஏழாம் நாள் 300. ஒரு நாள் தவறினால் பழையபடி ஐம்பது. ஆரம்பப் பள்ளி வாத்தியார் வெல்ல மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை வரவழைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. இந்த இயந்திரத்தை நான் வெறுக்கிறேன். இத்தனை அழகான ஊரில் அந்த மூலை மட்டும் எனக்கு அசிங்கமாகப் படுகிறது. ஆனால் ஊரே அந்த மூலைதான் என்று சொல்வது அநியாயம்.

விட்டுப் போனவனை ஒரு விளையாட்டு எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது. 1996-ல் ஜப்பானில் பாண்டாய் கம்பெனி வெளியிட்ட தமகோச்சி என்கிற முட்டை வடிவப் பொம்மை குழந்தைகளுக்கு ஞாபகமிருக்கும். அதாவது, அன்று குழந்தைகளாக இருந்தவர்களுக்கு. கவனிக்காமல் விட்டால் அது செத்துப்போகும். 2000-ல் அமெரிக்காவில் வில் ரைட் என்பவர் செய்த 'தி ஸிம்ஸ்' இதற்கு நேர் எதிர். 1991-ல் ஓக்லண்டில் பரவிய பெருந்தீயில் வீட்டை இழந்த மனிதர் அவர். வீட்டையும் சாமான்களையும் மறுபடி சேர்த்துக்கொண்ட அனுபவத்திலிருந்துதான் அந்த விளையாட்டு முளைத்தது. நீங்கள் பெட்டியை மூடினால் அந்த வீட்டில் காலம் நின்றுவிடும். பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் வாய்க்குக் கொண்டுபோன கரண்டி அந்தரத்திலேயே இருக்கும். நாவலும் இந்த ஜாதிதான். நீங்கள் மடித்து வைத்த பக்கத்தில் கதாநாயகி உங்களுக்காகக் கண்ணீரைத் துடைக்காமல் காத்திருப்பாள். ஒன்று, நீங்கள் போனதற்காகச் சாகிறது. மற்றொன்று, நீங்கள் போனதையே அறியாதது. அனிமல் கிராஸிங் இரண்டுமில்லை. நீங்கள் இல்லாதபோது அங்கே பனி பெய்தது, மழை பெய்தது, களை முளைத்தது. திரும்பி வந்தால், வந்தாயா என்கிறது.

இது தற்செயலாக அமைந்ததல்ல. இந்த விளையாட்டைக் கற்பனை செய்தவர் கட்சுயா எகுச்சி. சீபா என்கிற ஊரில் பிறந்து வளர்ந்து, நின்டெண்டோவில் வேலை கிடைத்துக் கியோட்டோவுக்கு வந்தவர். குடும்பத்தையும் சிநேகிதர்களையும் விட்டு வந்த பிறகுதான், அவர்கள் பக்கத்தில் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. அதை மறுபடி எப்படி உண்டாக்கலாம் என்ற யோசனைதான் விளையாட்டாயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போக நேரமாகிவிடும். குடும்பத்தார் விளையாடும் நேரத்தில் அவர் இல்லை. ஆகவே, ஒரே நேரத்தில் சேர்ந்து இருக்க முடியாதவர்கள் சேர்ந்து விளையாட ஒரு வழி வேண்டியிருந்தது. 2001 ஏப்ரலில் ஜப்பானில் வந்த முதல் விளையாட்டைப் பாருங்கள்: ஒரு கிராமம், நாலு பேர் குடியிருக்கலாம், ஆனால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். மற்றவர்கள் விட்டுப்போன கடிதமும் பரிசுமே அவர்கள் இருந்ததற்கு அடையாளம்.

சிநேகிதரே, கேட்டீர்களா? இல்லாதவர்களுக்காக, இல்லாதவர் ஒருவர் கட்டிய ஊர் இது. நானும் அக்காவும் பேரிக்காயும் கூழாங்கல்லும் பரிமாறிக்கொண்டது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். அது அந்த ஊரின் அஸ்திவாரத்திலேயே இருந்தது. இதை ஓடி ஒளிகிற இடம் என்கிறீர்கள். இல்லாமையோடு பழகுவதற்கு இவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்ட வேறோர் இடத்தை நீங்கள் எனக்குக் காட்டுங்கள், அங்கே போகிறேன்.

அடுத்தவன் மாடி வீட்டுப் பையன். இப்போது காலேஜ் முடித்து உத்தியோகம் பார்க்கிறான். நல்ல பையன், அதனால்தான் அவனோடு சண்டை போடுவது கஷ்டமாயிருக்கிறது. தீவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "மாமா, இதைச் சரி பண்றது வேஸ்ட். முழுக்க அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிங்க. எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க" என்றான்.

ஒரு பெட்டிக்கு ஒரு தீவுதான். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையது அடியோடு போக வேண்டும், அதிலுள்ள அத்தனை வீடுகளோடும். இந்த யோசனையை அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது. இந்தக் காலத்தின் வேதவாக்கே இதுவாகிவிட்டது: கொஞ்சம் களை மண்டினால் அழி, புதிதாக ஆரம்பி. டெலிபோன் மெதுவாக ஓடினால் அழி. வீடு பழசானால் இடி. சிநேகிதம் துருப்பிடித்தால் அந்தப் பெயரை நீக்கு. களை பிடுங்குகிற காரியம் கௌரவக் குறைவாகிவிட்டது. புது ஆரம்பம் என்றால் முகத்தில் ஒரு வெளிச்சம். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் முழங்கால் போட்டு உட்கார வேண்டும் என்றால் அலுப்பு. நான் கேட்கிறேன்: புதிதாக ஆரம்பித்தவன் அதை மட்டும் கைவிடாமல் இருப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நாலு மாதத்தில் அங்கேயும் களை முளைக்கும். அப்போது மூன்றாவது தீவு. இப்படி ஆரம்பித்துக்கொண்டே இருக்கிறவனுக்கு எந்த ஊரும் ஊரல்ல.

பையன் லேசில் விடவில்லை. "அப்படின்னா கடிகாரத்தைப் பின்னாலே திருப்பிடுங்க மாமா. 2021 மே முதல் தேதின்னு வெச்சா அப்ப விட்ட இடத்திலேருந்து ஆடலாம்" என்றான். பெட்டியின் தேதியை மாற்றிக் காலத்தில் முன்னும் பின்னும் போகிற வித்தை அது; விளையாடுகிறவர்களிடையே சகஜம். நான் அவனை அழைத்துக்கொண்டுபோய் அக்கா வீட்டைக் காட்டினேன். பெட்டிக்குள்தான், அந்தத் தீவில் அடுத்தவர் வீட்டுக் கதவு பூட்டியிருக்காது.

இங்கே டர்னிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெய்ஸி மே என்கிற சின்னப் பன்றிக்குட்டி டர்னிப் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு வரும். பகல் பன்னிரண்டு மணிவரைதான் விற்கும். வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஆறு நாட்களில் கடையில் விலை ஏறும் சமயம் பார்த்து விற்றால் லாபம். அடுத்த ஞாயிறு வந்துவிட்டால் அழுகிப்போகும். ஜப்பானிய பாஷையில் 'கபு' என்றால் டர்னிப். கம்பெனிப் பங்குக்கும் 'கபு' என்றே பெயர். அதனால் உண்டான வேடிக்கை இது. அக்காவுக்கு இதில் அலாதியான மோகம். கணவர் இருந்தவரையிலும், போன பிறகும், பணத்தைத் தன் இஷ்டத்துக்கு ஒரு சூதில் போட அவளுக்கு வாய்த்ததில்லை. "நூக்கல் வாங்கியாச்சாடா தம்பி?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்புவாள். வாங்கிய டர்னிப்பை அலமாரியில் வைக்க முடியாது. தரையில்தான் பரப்ப வேண்டும்.

அவள் வீட்டுக் கதவைத் திறந்தோம். தரை முழுவதும் வரிசை வரிசையாக அழுகிய டர்னிப். 2021 மே இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாங்கியது. அந்த வாரம் அவளால் விற்க முடியவில்லை. அடுத்தவர் வீட்டுச் சாமானை நான் எடுக்க இயலாது. அது அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

"கடிகாரத்தைத் திருப்பினால் இது சரியாகுமா?" என்று கேட்டேன். பையன் பேசாமல் இருந்தான். அவனுக்குத் தெரியும். இந்த விளையாட்டில் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினாலும் டர்னிப் அழுகிவிடும். சூதில் மோசடி செய்யாதிருக்க வைத்த சட்டம் அது. வேறொரு காரணத்துக்காக வைத்தார்கள் என்று நான் பாசாங்கு செய்ய மாட்டேன். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

இவ்வளவு பரிந்து பேசுகிறவனுக்கு விளையாட்டின் மேல் குறையே இல்லையா என்றால், இருக்கிறது, பெரிய குறை. பழைய விளையாட்டுகளில், நீங்கள் நெடுநாள் வராமல் இருந்தால் குடியிருந்த பிராணிகளில் ஒன்றிரண்டு வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் வெறும் மனை. செடிகளும் தண்ணீர் விடாவிட்டால் வாடிப்போகும். 2020-ல் வந்ததில் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். செடி வாடுவதில்லை. அங்கே குடியிருப்பவர் ஊரை விட்டுப் போக நினைத்தால் உங்களிடம் வந்து கேட்டு, நீங்கள் சரி என்றால்தான் போவார். நாலரை வருஷம் நான் திரும்பிப் பார்க்காமல் இருந்தும் என் பத்துப் பேரும் அங்கேயே இருந்தார்கள்.

இது கருணை என்று நினைத்துச் செய்திருப்பார்கள். நான் இதை ஆட்சேபிக்கிறேன். என் அனுமதி இல்லாமல் ஒருவரும் போக முடியாது என்றால் நான் யார்? ஜெயில் சூப்பிரண்டா? வாசலைத் திறந்து போகிற உரிமை இல்லாதவர் என்னிடம் எங்கே போயிருந்தீர்கள் என்று அன்பாகக் கேட்டால், அந்த அன்புக்கு என்ன விலை? போயிருக்கக்கூடியவர் போகாமல் இருந்தால்தானே அது இருப்பு! 2001-ல் எழுதிய சட்டம் கடினமாக இருந்தது. ஆனால் அதில் உண்மை இருந்தது. விளையாடுகிறவர்கள் அழுதார்கள் என்பதற்காக அதைத் தளர்த்தியது, சோகமான முடிவைப் பத்திரிகாசிரியர் மாற்றச் சொன்னதும் மாற்றிக் கொடுக்கிற கதாசிரியனின் காரியம். அந்தக் காரியத்தை நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன். அதனால் அதன் ருசி எனக்குத் தெரியும்.

இதை ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பையன் மடக்கினான். "அப்போ பாட்டி வீட்டை மட்டும் ஏன் மாமா அப்படியே விட்டு வெச்சிருக்கீங்க? அவங்களையும் நீங்க போக விடலைதானே?"

இரண்டு நாள் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பதிலைத் தேடுகிற சாக்கில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு களைக்குப் பத்து மணி விலை. செடி விற்க வருகிற லீஃப் என்கிற தேவாங்கு மாதிரியான பிராணியிடம் கொடுத்தால் இருபது. இதற்கிடையே மகள் டெலிபோனில் இன்னொரு வழி சொன்னாள்: "அப்பா, அத்தை பேரிலேயே உள்ளே போய் அந்த டர்னிப்பையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு வந்துடேன். ஒரு நிமிஷ வேலை." உண்மைதான். பெட்டியைத் திறந்ததும் வரிசையாகத் தெரிகிற முகங்களில் அக்காவின் முகத்தைத் தொட்டால் போதும். அவளாக எழுந்து, அவளாக நடக்கலாம். மூன்று பேர் சொன்ன யோசனைகளில் இது ஒன்றுதான் அன்பினால் சொல்லப்பட்டது. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பலமாக மறுத்தேன். பெண்ணுக்கு மனசு வருத்தமாயிருக்கும், ஆனாலும் மறுத்தேன். அவள் கையெழுத்தை நான் எப்படிப் போடுவேன்?

மறுத்த பிறகுதான் பையனுக்குப் பதில் கிடைத்தது. வாத்தும் ஆடும் அங்கே இருந்துகொண்டு, ஒருவரும் எங்கும் போகவில்லை என்கின்றன. அக்கா வீடு அப்படிச் சொல்லவில்லை. கதவைத் திறந்தவனுக்கு, இங்கே இருந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூக்கல் வாங்கினாள், பிறகு வரவில்லை என்று சொல்கிறது. அழுகின டர்னிப்பைவிட நாணயமான சாட்சி எனக்கு அகப்படவில்லை. அதைச் சுத்தம் செய்வதும், கடிகாரத்தைத் திருப்புவதும், தீவையே அழிப்பதும் ஒரே காரியத்தின் மூன்று ரூபங்கள். பையனிடம் இதைச் சொன்னேன். பாதி ஒப்புக்கொண்டான். மீதிப் பாதியை அடுத்த ஞாயிறு பேசிக்கொள்வோம்.

ஆற்றங்கரைக் களையை எடுத்துக்கொண்டிருந்தபோது, பனியில் பாதி புதைந்தாற்போல ஒரு மண் பொம்மை நிற்பதைப் பார்த்தேன். மறந்தே போயிருந்தேன். அக்கா கடைசியாக உத்தரவிட்ட பாலம். டாம் நூக்கிடம் சொல்லி இடத்தைக் குறித்துவிட்டால், பணம் வசூலிக்க இந்தப் பொம்மை அங்கே வந்து நிற்கும். ஜப்பானியர்கள் இதை 'ஹனிவா' என்கிறார்கள். நிஜ ஹனிவாக்கள் ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு முன்னால் அந்நாட்டில் பெரிய மனிதர்களின் சமாதி மேடுகளைச் சுற்றி நிறுத்திவைத்த சுடுமண் உருவங்கள். இது உண்டியல் மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டு நின்றது. மரக்கட்டைப் பாலம், மொத்தம் 98,000 மணி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக அக்கா கழியை ஊன்றித் தாண்ட வேண்டியிருந்தது. பொம்மைதான் தாண்டுகிறது என்றாலும், "இந்த வயசுல என்னைக் குதிக்க வைக்குதேடா" என்று முனகுவாள். இன்னும் 31,000 பாக்கி.

பாலத்துக்கு உத்தரவிட அவளால்தான் முடியும். பணம் யார் வேண்டுமானாலும் போடலாம். சேமிப்பிலிருந்து எடுத்து வந்து முழுவதையும் கட்டினேன். மண் பொம்மை குதித்து நன்றி சொல்லிற்று. கட்டடம் அன்றைக்கே வராது; இரவு கழிய வேண்டும். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, பக்கத்துக் கோயிலில் திருப்பாவை போட்டிருந்தார்கள், பெட்டியைத் திறந்தேன். பாலம் இருந்தது. மாலி அதன் மேல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் போய், அக்கா வீட்டு வாசலில் ஒரு பேரிக்காயை வைத்துவிட்டு வந்தேன்.